அகலச் சக்கரம்

இந்த விஷயத்தில் யாரையும் கேட்பதில்லை என்று கால்புள்ளி முடிவெடுத்தார். யாரையும் என்றால், மனைவியை.

கால்புள்ளி என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். பிழை திருத்துவது வேலை. வாயைத் திறந்தால் ஒரு வாக்கியத்தை அவரால் முடிக்க முடியாது, இழுத்துக்கொண்டே போவார். வீட்டில் அந்தக் கவலை இல்லை. அவர் வாக்கியங்களை மனைவியே முடித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். காருக்கு நான்கு புதுச் சக்கரம் வாங்கிவிட்டார். ஐந்து ஆரக்கால் வைத்த வெள்ளிச் சக்கரம். பழையதைவிட இரண்டு அங்குலம் அகலம். பெட்டியைப் பிரித்தபோது தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு மாடி அறையில் கம்பளியைப் போர்த்தி ஒளித்து வைத்தார்.

டயரை மட்டும் மாற்றுவதாக இல்லை. அது ரன்ஃப்ளாட் டயர். காற்று போனாலும் பக்கவாட்டு ரப்பர் விறைப்பாக நின்று, அடுத்த ஊர்வரை வண்டியைத் தாங்கும். மனைவி நர்ஸ். பிரசவமான பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவள். ஆளில்லாத சாலையில் அவள் தனியாக நிற்பதை நினைத்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. தேடி அலைந்து அந்த டயரைப் போட்டவரே இவர்தான். ஆக, டயர் அவளுக்கு, சக்கரம் தனக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமை விடியுமுன் சக்கரங்களைக் கம்பளியோடு காரின் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பியாச்சு?"

"வண்டிய கழுவிட்டு..."

"...வந்துடறீங்க. சரி. பின்சீட்டுல என்ன கம்பளி?"

"வண்டிக்குக் குளிருமேன்னு..."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் முடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தார் கால்புள்ளி.

டயர்க் கடைக்காரர் பெரிய மீசைக்காரர். புதுச் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார். பழைய டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"சார், அகலக்கால் வைக்கிறீங்களே!"

"கால் இல்லைங்க, சக்கரம்..."

"இந்த டயர் இவ்வளவு அகலத்துக்கு ஆனதில்ல. சாதா டயர்னாலாவது இழுத்தா வரும். இது பக்கச் சுவர் கல்லு மாதிரி. விளிம்புல சரியா உக்காராது."

"நீங்க அனுபவசாலி, எப்படியாவது உக்கார வச்சு..."

"ஒண்ணே ஒண்ணு மாட்டிக் காட்டறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

மெஷின் முனகியது. கடைக்காரர் முனகினார். டயர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, நெம்பி, ஒருவழியாக ஏற்றிக் காற்றை அடித்தார். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் உஸ்ஸென்று சீறியது. சின்ன சட்டைக்குள் நுழைந்த தடியன் மாதிரி சக்கரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

"இன்னும் கொஞ்சம் அடிச்சா..."

"உக்காந்தாலும் உக்காரும் சார். ஆனா சுவர் சாஞ்சு போச்சு பாருங்க. காத்து போற அன்னைக்கு இது நிக்காது. விளிம்பை விட்டுக் கழண்டுக்கும். அம்மா தனியா போற வண்டின்னு சொன்னீங்களே?"

தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்று கால்புள்ளிக்கு யோசிக்கத் தோன்றவில்லை. சாய்ந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை, வெறிச்சோடிய ரோடு, மருந்துப் பையோடு அவள். டயரில் போன காற்று அவருக்குள்ளும் போய்விட்டது.

"கழட்டுங்க," என்றார். வாழ்நாளில் அவர் முழுதாக முடித்த முதல் வாக்கியம் அது.

பழைய சக்கரத்தோடே வீடு திரும்பினார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை; எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஆசைதான். ஆனா உன்னைவிடப் பெரிசா அந்தச் சக்கரம்? வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் அவர் காதோரம் ஒட்டியிருந்த சோப்பு நுரையை முந்தானையால் துடைத்தாள்.

"அந்தச் சக்கரத்துக்கு ஏத்த அகலத்துலயே ரன்ஃப்ளாட் டயர் வருது. புதன்கிழமையே சொல்லி வச்சேன். கடைக்கு வந்தாச்சு."

"என்னது! உனக்கு எப்படி..."

"...தெரியும்? பெட்டி வந்தப்ப கையெழுத்துப் போட்டு வாங்கி, பக்கத்து வீட்டுல வாங்கி வச்ச மாதிரி உங்ககிட்ட குடுக்கச் சொன்னதே நான்தான். டயர்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்தப்ப தினம் போய்ப் பாத்ததும் நான்தான். எப்படியும் பழசையே மாட்டச் சொல்வார், சொன்னாக் கேக்கமாட்டார், ஒண்ணை மாட்டிக் காட்டுங்கன்னு சொல்லியிருந்தேன்."

"அப்ப இன்னைக்கே புது டயரை மாட்டியிருக்கலாமே!"

"மாட்டியிருக்கலாம். அப்புறம் எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு நீங்க எப்படிச் சொல்றது? நான் எப்படிக் கேக்கறது?"

கால்புள்ளிக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினார். பாதியில் அவள் கார் சாவியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை நானே போய் மாட்டிக்கறேன். நீங்க ஆபீசுக்கு பஸ்ல போயிடுங்க."

"ஏன், வழக்கமா நீதானே என்னைக் கொண்டுவிட்டுட்டு..."

"உங்க அச்சகத் தெரு பூரா குழி. புதுச் சக்கரம் கீறிடும்."

"எத்தனை நாளைக்கு?"

"சக்கரம் அழகா இருக்கிற வரைக்கும்."