ஈர மூக்கும் டொக்டர் ஐயாவும்

மேடையில் பேசச் சொல்வதை விட, கனடாவின் ரெக்ஸ்டேல் பனியில் செருப்போடு நடக்கச் சொன்னால் சந்தோசமாக நடப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட கூச்சக்காரன் நான்.

மூன்று வருடத்துக்கு முன், மகள் ஆரணியின் தமிழ் வகுப்பில் மாசி மாதம் ஒரு விழா. பெற்றோர் ஆளுக்கொரு விலங்கைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

"அப்பா, லாஸ்ற் இயர் நீங்கள் கார் பார்க்கிலேயே நிண்டிட்டீங்கள். திஸ் டைம் பேசுங்கோ, ப்ளீஸ்" என்றாள் ஆரணி.

அந்த 'ப்ளீஸ்' குத்தியது. செத்தாலும் பேசியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது தேவாங்கு. ("ஆளைப் பாத்துத்தான் விழுந்திருக்கு" என்றாள் மனுசி.)

மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். தேவாங்கு, லெமூர், டார்சியர் மூன்றையும் முன்பு 'குரங்குக்கு முந்தியவை' என்று ஒரே கூட்டமாக வைத்திருந்தார்களாம். பிறகு மூக்கைப் பார்த்துப் பிரித்தார்களாம். தேவாங்குக்கும் லெமூருக்கும் ஈர மூக்கு. டார்சியருக்கு உலர்ந்த மூக்கு. அதனால் அது குரங்கும் மனிதரும் இருக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டது. பேக்கரி வேலையில் மாவு பிசைந்தபடியே இதைப் பாடமாக்கினேன்.

"தாளைப் பாக்காதேங்கோ, ஆக்களைப் பாருங்கோ" என்று ஆரணி சொல்லி மேடைக்கு அனுப்பினாள். பார்த்தேன். முன்வரிசையில் பிரதம விருந்தினர், மார்க்கம் நகரில் இருந்து வந்த வயதான டொக்டர், கடும் தடிமனோடு தும்மித் தும்மி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிலிருந்து கண்ணை எடுக்காமலே முழங்கினேன்: "மூக்குக் காய்ஞ்சிருந்தால் எங்கட ஆள்! ஈரமாயிருந்தால் தேவாங்கு!"

டொக்டர் மூக்கைத் துடைத்த லேஞ்சியை மெதுவாக இறக்கினார்.

"அப்ப நான் ஆர், தம்பி?"

பேசாமல் இறங்கியிருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இறங்குவதில்லை என்று பிடிவாதம்.

"தடிமன் மாறினால் நீங்களும் குரங்குப் பக்கம் வந்திடுவியள், ஐயா."

மண்டபம் வெடித்தது. ஆரணி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று பதறி ஓடிப்போய்க் கையை விலக்கினேன். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை.

"அப்பா, டூ மினிற்ஸ் முடியேல்லை. திரும்பப் போங்கோ!"

போனேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

அந்த டொக்டர்தான் இப்போது எங்கள் குடும்ப வைத்தியர். காய்ச்சல், வயிற்றுவலி என்று என்ன வருத்தத்தோடு போனாலும், "மூக்கு ஈரமோ, காய்ஞ்சதோ?" என்றுதான் தொடங்குவார். வீட்டில் நான் ஒரு தும்மல் தும்மினால் போதும், மேல்மாடியில் இருந்து ஆரணியின் குரல் கேட்கும்:

"அம்மா, ஓடி வாங்கோ! அப்பா இனம் மாறுறார்!"