ஒற்றைப் படி மரபு

கவிதை எழுதுகிறவனிடம் கட்டட வழிகாட்டி எழுதச் சொல்லக் கூடாது. சொன்னாலும் அவன் எழுதக் கூடாது. எழுதினாலும் அதை நம்பி யாரும் வீடு கட்டக் கூடாது. என் விஷயத்தில் மூன்றும் நடந்தன. மூன்றாவதைச் செய்தவள் என் தங்கை ஸ்டெல்லா.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பழைய கிராமத் தெரு இன்னும் மிச்சமிருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் அதன் முகத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க ஒரு சின்ன வழிகாட்டி வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தனசேகர் கேட்டார். ("சார் நல்லா எழுதுவாருப்பா" என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.)

சித்திரை வெயிலில் அந்தத் தெருவில் பித்துப் பிடித்தவன்போல் அலைந்தேன். சுவரின் காவி, ஓட்டின் சரிவு, ஜன்னலில் விழும் நிழல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எந்தப் பழைய வீட்டு வாசலிலும் ஒரே ஒரு படிதான். தெருவும் வீடும் தோளில் கைபோட்டு நிற்பதுபோல இருந்தது. உருகிப்போனேன். 'புது வீடு தெருவைவிட ஒரு படிக்குமேல் உயராதிருக்கட்டும். அடக்கமே இந்த ஊரின் மரபு' என்று எழுதினேன். தனசேகர் வீட்டுக் கட்டில் கால்களுக்கடியில் செங்கல் வைத்திருந்தார்கள். அதையும் வட்டார அழகியல் என்று சேர்த்துவிட்டேன்.

அதே தெருவில் ஸ்டெல்லா மனை வாங்கியிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். டீச்சர் வேலை போக மிச்ச நேரமெல்லாம் சொந்த வீட்டைக் கனவு கண்டவள். அவள் கணவர் ஜெபராஜ் மட்டும் முனகினார்.

"மச்சான், இந்தப் பக்கம் எல்லாரும் நாலடி ஏத்தித்தான் கட்றாங்க."

"அதனாலதான் மாப்ள, ஏரியாவே எக்கி எக்கி நிக்குது."

"அண்ணன் யோசிக்காம எழுதுமா? விடுங்க," என்றாள் ஸ்டெல்லா. வழிகாட்டியில் எழுதியபடியே, ஒரே படியோடு வீடு எழுந்தது.

ஐப்பசியில் வீட்டுப் பிரதிஷ்டை. காலையிலிருந்தே மழை. பாஸ்டர் கண்களை மூடி நீளமாக ஜெபித்தார். ஜெபத்தின் நடுவே கண் திறப்பது எங்கள் கூட்டத்தில் பெரிய மரியாதைக் குறைவு. என் கால் ஜில்லென்றது. எல்லோருக்கும்தான் ஜில்லென்றிருக்கும், ஒருவரும் திறக்கவில்லை. கணுக்கால் நனைந்தபோது எழுந்த 'ஆமென்' அளவுக்கு உரத்த ஆமெனை நான் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை.

வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் ஹாலுக்குள் மிதந்தன. பிரியாணி அண்டாவை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விருந்தினருக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வழிகாட்டிப் பிரதிகள் சோபாவைச் சுற்றி வலம் வந்தன. ஸ்டெல்லா புதுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாளியில் மொண்டு மொண்டு ஜன்னல் வழியே ஊற்றினாள். தண்ணீர் வாசல் வழியே திரும்பி வந்தது. என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தனசேகர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்லயும் தண்ணியா?" என்றேன்.

"வருஷா வருஷம் வரும் சார். அதான் கட்டிலுக்குச் செங்கல் குடுத்து வெச்சிகீறோம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கலரத்தான கேட்டீங்க? தண்ணியப் பத்திக் கேக்கவே இல்லியே!"

மழை விட்டதும், வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது என்று முடிவானது. (ஆம், வீட்டை அப்படியே. நம் ஊரில் அதற்கும் ஆள் இருக்கிறது.) அதே வாரம் தெருவில் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். தனசேகர் வீட்டு ஒற்றைப் படிக்குக் கீழே இன்னொரு படி தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒன்று. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, படிகளைத் தார் விழுங்கியிருந்தது. பழைய ஆட்கள் உயரமாகத்தான் கட்டியிருந்தார்கள். அடக்கம் என்று நான் உருகியது, பாதி மூழ்கிய ஒரு ஊரின் கழுத்தளவைப் பார்த்துத்தான்.

ஸ்டெல்லா பள்ளத்தின் ஓரத்தில் நின்று படிகளை எண்ணினாள். பிரதிஷ்டைக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்:

"எழுதறதுக்கு முன்னாடி தோண்டிப் பாத்தியாண்ணா?"

வீடு இப்போது தெருவிலேயே உயரமாக நிற்கிறது. ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அந்தக் கேள்வியும் குடும்பத்தில் தங்கிவிட்டது. ஒரு வரனைப் பற்றி, "பையன் ரொம்ப அமைதி" என்று நான் சொன்னால் போதும், "தோண்டிப் பாத்தீங்களா மச்சான்?" என்பார் ஜெபராஜ். குழம்பில் மீனே இல்லை என்று நான் முனகினால் ஸ்டெல்லா சிரிக்காமல் அதையே கேட்பாள். போன வாரம், காட்டாங்குளத்தூரில் படிக்கும் அவள் மகள் என் புதுக் கவிதையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள்.

"வேணாம்மா," என்றேன். "நானே கேட்டுக்கறேன்."