நாலு ப்ளக், ஒரு டெஸ்ட்

தெருமுனை திரும்புவதற்குள் கார் மூன்று முறை உதறிவிட்டு நின்றுபோனது.

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை முறைத்தார். மணி ஒன்பது. பதினொன்றுக்கு இதே காரில் அவர் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். அவரே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தும், கார் இப்படி உதறி உதறியே ஏற்கெனவே இரண்டு முறை பெயிலாகியிருந்தாள். அவள் கம்பெனியில் ஏரியா மேனேஜர் பதவி தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். வண்டி குணமாகும்வரை தொடாதே என்று ஒரு மாதமாக அவளைக் கார் பக்கமே விடவில்லை.

வண்டியை ஒருவழியாகக் கிளப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஸ்பார்க் ப்ளக் போயிடுச்சு. அது சரியாப் பொறி தட்டலைன்னா வண்டி உதறத்தான் செய்யும்."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே," என்றாள் மனைவி.

"சாதாரண சளிக்கு யாராவது பெரிய டாக்டர்கிட்ட போவாங்களா? நானே மாத்திடறேன்."

டாக்டர் சீட்டில்லாமல் தன் கடைக்கு வருகிறவர்களை நிற்க வைத்து வறுத்தெடுப்பது அவர் வழக்கம். இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வெறுங்கையோடு போய் நின்றார்.

"நாலு ப்ளக் குடுங்க."

"என்ன நம்பர் சார்?"

"நல்ல நம்பராப் பாத்துக் குடுங்க."

"ஹாட் டைப்பா, கோல்ட் டைப்பா?"

"கோல்டுன்னா ஃப்ரிட்ஜில வைக்கணுமா?"

கடைக்காரர் கையிலெடுத்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "காரோட புத்தகத்துல எழுதியிருக்கும். பாத்துட்டு வாங்க. தப்பானதைப் போட்டா வீண் வம்பு."

புத்தகத்தைத் தேட இப்போது யாருக்கு நேரம்? "இருக்கிறதுலயே பவர் ஜாஸ்தியானதைக் குடுங்க," என்று வாங்கிவந்தார்.

மாட்டி ஓட்டிப் பார்த்தார். முன்பு மூன்று முறை உதறிய வண்டி இப்போது ஐந்து முறை உதறியது. டோஸ் கூடிவிட்டது என்று முடிவுகட்டி, திரும்பவும் கடைக்கு ஓடிப் பவர் குறைந்ததை வாங்கிவந்தார். அவசரத்தில் எந்த ஒயர் எந்த ப்ளக்குக்கு என்பது மறந்துபோனது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது.

மணி பத்தே கால். அவளுடைய பதவி தன் கையால் பறிபோகிறதே என்று நினைக்கையில் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அவளோ சோபாவில் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது பதற்றம் இருக்கா?"

"உங்களுக்கு இருக்கே, அது நம்ம ரெண்டு பேருக்கும் போதும்."

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து, கழற்றிப் போட்டிருந்த பழைய ப்ளக்குகளைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு என்ன குறைன்னு கழட்டினீங்க?"

"வண்டி உதறுதுப்பா."

மெக்கானிக் பழையதையே மாட்டி, ஒயர்களைச் சரிசெய்து, ஸ்டார்ட் பண்ணினார். இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. ஆனால் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து கிளப்பியதும் பழையபடி உதறியது. டெஸ்ட் மைதானம் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் நின்றது.

இறங்கியதும் இறங்காததுமாக டெஸ்ட் ஆபீசரிடம் ஓடினார்.

"சார், இவ மேல தப்பில்ல. வண்டியில ப்ளக் கோளாறு. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க."

ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையைக் கசக்கியபடி நின்றார். உதறப்போகிறது, இதோ உதறப்போகிறது என்று ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தார். கார் எட்டுப் போட்டது, பின்னால் வந்தது, மேட்டில் நின்று கிளம்பியது, கடைசியில் அவர் காலடியில் வந்து பூப்போல நின்றது. ஓரிடத்தில்கூட உதறவில்லை.

"பாஸ்," என்று கையெழுத்துப் போட்டார் ஆபீசர்.

மருந்துக்கடைக்காரருக்கு நம்பவே முடியவில்லை. "அப்போ ப்ளக் சரியாயிடுச்சா சார்?"

"ப்ளக்குக்கு என்ன சார், அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. கத்துக்கொடுக்கிற ஆளை மாத்துங்கன்னு போன தடவை இவங்ககிட்ட சொல்லி அனுப்பினேன், ஒரே மாசத்துல மாத்திட்டாங்க."