நசுங்காத எலுமிச்சம்பழம்

காதலில் விழுந்தவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலாக்கா காஜா பேராங்கில் நானே நடமாடும் சாட்சி.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த நேரம். என் துள்ளலில் பாதிதான் நாட்டுக்காக, மீதி கமலாவுக்காக. எங்கள் சந்து முடிந்து கம்போங் செட்டி தொடங்கும் இடத்தில் அவள் வீடு. கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு சாயங்காலம் கோயிலுக்குப் போவாள். பல தலைமுறையாக மலாக்காவில் ஊறிய செட்டிகள்; சாமி நம் சாமி, ஆனால் வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பூ, பூசை, பொங்கல் என்று சில சொற்கள்தாம். போகிற போக்கில் "ஆப்பா காபார்?" என்று என்னிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தமிழே பேசத் தெரியாத பொண்ணுடா!"

"சாமி கும்பிடத் தெரியுதில்லம்மா?"

"அது என்னைவிட நல்லாவே கும்பிடுது" என்று ஒப்புக்கொண்ட அம்மா, வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு போய்ப் பெண் கேட்பதாகச் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் வேலையாக இருந்த ஒரு மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் வீட்டில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால், தாமதிக்க நேரமில்லை.

மூளையுள்ள எவனும் இதோடு சும்மா இருந்திருப்பான். எனக்கோ, மாப்பிள்ளை கெத்தாக வண்டியில் போய் இறங்க வேண்டும். ஜாலான் பெண்டஹாராவில் மாமா வைத்திருந்த மசாலாக் கடையின் பிக்கப்புக்கு நான்தான் டிரைவர். மிளகாய் மூட்டை ஏற்றி ஏற்றி, ஏறி உட்கார்ந்தாலே தும்மல் வரும் வண்டி. துருப்பிடித்த அதன் சக்கரங்களைப் பார்த்தால் பெண்ணின் அப்பா என்ன நினைப்பார்? பழைய இரும்புக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம், ஏதோ தோட்டத்துத் துரையின் காரிலிருந்து கழற்றிய நான்கு சக்கரங்கள் பளபளவென்று கிடந்தன. எங்கள் சக்கரங்களைக் கொடுத்துவிட்டு அவற்றை வாங்கி வந்தேன். (மாமாவிடம் கேட்டேனா என்று யாரும் கேட்காதீர்கள்.)

மாட்டிக் கொடுக்க வந்தவன் என் கூட்டாளி மணியம். தொழில், தையல் மெஷின் ரிப்பேர். அவனைப் பொறுத்தவரை சுற்றுகிற எதுவும் தையல் மெஷின்தான்.

"துளையெல்லாம் கச்சிதமா உக்காருதுலா" என்றான்.

"முன்னாடி பாரு மணியம். ரிம்முக்கும் பிரேக்குக்கும் நடுவுல விரல்கூடப் போகலயே?"

"உன் விரல் தடி. அதுக்கு பிரேக் என்ன பண்ணும்?"

ஜாக்கியில் தூக்கி வைத்து, நட்டுகளைக் கையால் திருகிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம். உரசாமல் சுற்றியது. நட்டுகளை இறுக்கிவிட்டு வண்டியைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்திருக்க வேண்டும். அங்கேதான் அம்மா குறுக்கே நின்றார்.

"பூசை போட்டு எலுமிச்சம்பழத்து மேல ஏத்துற வரைக்கும் புதுச் சக்கரம் ஒரு அங்குலம் உருளக் கூடாது. சொல்லிட்டேன்!"

தாய் சொல்லைத் தட்டாத தனயனாக வண்டியை இறக்கி, ஸ்பானர் மேல் ஏறி நின்று இறுக்கினேன். அந்த இறுக்கலில் முன்சக்கர ரிம் உள்ளே போய் பிரேக்கின் பின்தகட்டோடு அப்பிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை சந்தே திரண்டுவிட்டது. சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பட்டுப்புடவையில் அம்மா மடியில் தட்டோடு முன்சீட்டில். எதிரே, சந்தின் கடைசியில், வாசலில் கமலாவும் அவள் அப்பாவும். கெபாயா புதுசு என்பது அங்கிருந்தே தெரிந்தது.

தேங்காய் உடைந்தது. கிளச்சை விட்டேன். பின்சக்கரங்கள் பழங்களை நசுக்கின. முன்சக்கரங்கள் அசையவே இல்லை! கிறீச்ச்... என்று பன்றியை அறுக்கிற சத்தம். நின்ற நிலையிலேயே அவை மணலைக் கீறிக்கொண்டு இழுபட, முன்னாலிருந்த எலுமிச்சம்பழங்கள் இரண்டும் முழுசாக உருண்டு போயின. எப்படியாவது நசுக்கிவிட வேண்டுமென்று நான் இன்னும் அழுத்த, அவை இன்னும் உருள, வண்டி கோணிக்கொண்டு சாக்கடையில் மூக்கை வைத்து நின்றது.

"லீமாவ் பூன் தாக் பெச்சா!" என்று எட்டத்திலிருந்து கத்தினார் கமலாவின் அப்பா. எலுமிச்சம்பழம்கூட உடையவில்லையாம். சந்தே சிரித்தது. கமலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த நிலையிலும், என்ன அழகாகச் சிரிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா சிரிக்கவில்லை. இறங்கி, தட்டைத் தலைப்பால் மூடி, "சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்குள் போய்விட்டார். மாமா வந்து திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. அம்மா பார்த்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு நாள் வருவதற்குள் சிங்கப்பூர்க்காரன் வந்துவிட்டான். கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றிக் கொடுத்தது, பழைய சக்கரங்களையே திரும்ப மாட்டிக்கொண்ட எங்கள் பிக்கப்தான். சக்கரம் நன்றாகச் சுற்றியது, சனியன்.

வருடங்கள் கழித்து அம்மன் திருவிழாவில் அவளைப் பார்த்தேன். கையில் குழந்தை. வழக்கம்போல நலம் விசாரித்தாள். நான் அசட்டுத்தனமாக அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உங்கள் அம்மா எதற்குக் கிளம்பினார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பா பலகாரமெல்லாம் வாங்கி வைத்திருந்தார், இருட்டும்வரை காத்திருந்தோம் என்றாள் மலாயில். பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஜாலான் காக்கி பூன் சம்பாய்" என்றாள். கால்நடையாகப் போனாலும் போய்ச் சேரலாமாம்.

நடந்தே வந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்கலாமே!

இதைப் போய் நான் கல்யாணமான புதிதில் மனைவியிடம் உளறிவைத்தேன். அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆயுதம் கிடைத்துவிட்டது. நான் கார்ச் சாவியை எடுத்தால் போதும், "எங்க, மூலைக் கடைக்கா? ஜாலான் காக்கி பூன் சம்பாய்!" என்பாள். இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள், பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். சாவியை வைத்துவிட்டு நடந்தே போவேன். போகும்போது அந்தப் பழைய சந்து வழியாகத்தான் போவேன், கடைக்கு அது சுற்று வழி.