ஆபீசருக்கு வாங்கிய சால்வை

அன்று மூடிக் கிடந்த ரைஸ் மில் வாசலில் இருந்தவர்கள்:

விவசாயிகள் சங்கத் தலைவர் கோவிந்தராசு அண்ணன். சலவை வேட்டி. பேச வேண்டியதை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். (எழுதியது ஒரு பக்கம். வாய் திறந்தால் அது பொழுது சாயும்வரை போகும்.)

பஞ்சவர்ணம் அக்கா. எங்கள் ஊர் நடவு ஆட்களைக் கூட்டி வருகிறவர். அவருக்குப் பின்னால் நடவுப் பெண்கள், தூக்குச்சட்டியோடு.

என் மச்சான் ரவி. போட்டோ எடுக்கும் பொறுப்பு. போனில் சார்ஜ் இல்லை.

என் மனைவி செல்வி.

பக்கத்து வீட்டு ஆடு ஒன்று. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். போட்டோவில் இருக்கிறது.

கடைசியாக நான். கையில் சால்வை.

நான் பேசுகிறவன் இல்லை. பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றது. பேச்சு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்பாள் செல்வி. அதனால்தான் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. வருகிற ஆபீசருக்குச் சால்வை போர்த்த வேண்டும். அவ்வளவுதான். அதையும் கெடுத்தேன்.

விஷயம் இதுதான். அந்த மில்லை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். டவுன்களில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை லாரியில் கொண்டுவந்து, நறுக்கி, கழுவி, உருக்கி, குருணையாக்கி விற்கப் போவதாகச் சொன்னாராம். காரியம் நல்ல காரியம்தான். குப்பையும் எங்காவது போகத்தானே வேண்டும். எங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி. கழுவின தண்ணீர் எங்கே போகும்? மில்லின் பழைய சாக்கடை எங்கள் வாய்க்காலில்தான் வந்து விழும். அதற்குக் கீழே முதல் மடை என்னுடையது. அதாவது அந்தத் தண்ணீரை ஊரில் முதலில் குடிக்கப் போவது என் நாற்று. எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். வேறு நிலம் இல்லை. வேறு வேலையும் தெரியாது.

இடத்தைப் பார்க்கக் கோட்டாட்சியர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் கூடியது. யார் பேசுவது என்பதில் சண்டை நடந்தது. சால்வை போடுவதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் முதலில் சால்வை. பிறகுதான் சண்டை.

பஞ்சவர்ணம் அக்கா மட்டும் கேட்டார். "எதுத்துக்கிட்டு நிக்கப் போற எடத்துல சால்வை என்னத்துக்கு தலைவரே?"

"மரியாத வேற, எதுப்பு வேற" என்றார் கோவிந்தராசு அண்ணன். "பன்னீரு போர்த்தட்டும். அவன்தான் பேசிக் கெடுக்க மாட்டான்."

திருவையாற்றுக்குப் போய் வாங்கி வந்தார்கள். சிவப்பு. ஓரத்தில் சரிகை, நுனியில் குஞ்சம்.

அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே நேரம் வாய்க்காலில் என் முறைத் தண்ணீர். மடையைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். குறுவை நாற்றங்காலில் அப்போதுதான் விதை விட்டிருந்தது. தண்ணீர் கூடினால் விதை மிதந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உடல் மில் வாசலில் நின்றது. மனசு மடையில் கிடந்தது. ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஓடி வருவேன். மறுபடி போவேன்.

"சால்வைய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றாள் செல்வி.

"வேணாம்."

"எதுக்கு வேணாம்?"

"எங்கிட்ட குடுத்த பொறுப்பு."

"விடு செல்வி" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "மடைக்குப் போர்த்திட்டு வரப் போறாரு."

பெண்கள் சிரித்தார்கள். நான் சால்வையோடு மடைக்குப் போனேன்.

நான் பயந்ததுதான் நடந்திருந்தது. தண்ணீர் நிரம்பிவிட்டது. மடையை உடனே அடைக்க வேண்டும். மண் வெட்டி அணைக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் சால்வை. கீழே வைக்கலாமென்றால் எங்கும் சேறு.

அப்போது வாய்க்கால் கரையோடு ஒரு பெண் நடந்து வந்தார். மேலே மில் பக்கமிருந்து வந்தார். சின்ன வயசு, பருத்திச் சேலை, தோளில் ஒரு பை. ஏதோ கணக்கெடுக்க வந்த பெண் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எந்நேரமும் யாராவது ஒரு பெண் வந்து எதையாவது கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆடு, மாடு, கக்கூஸ்.

"வரப்புல மிதிக்காதீங்க. இப்பதான் வச்சது" என்றேன்.

ஒதுங்கி நின்றார். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுங்க?"

"மேலேருந்து."

"எங்க போகுது?"

"கீழ."

(இவ்வளவு விளக்கமாக நான் யாரிடமும் பேசியதில்லை.)

சால்வையை அவரிடம் நீட்டினேன். "இதக் கொஞ்சம் புடிங்க. சேறு படாம. ஆபீசருக்கு வாங்குனது."

"எந்த ஆபீசருக்கு?"

"பெரிய ஆபீசர். இன்னும் வரல. அவங்களுக்கெல்லாம் பத்து மணின்னா பன்னண்டு மணி."

அவர் சால்வையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். நான் மண்ணை வெட்டிப் போட்டு, மிதித்து, மடையை அடைத்தேன். நல்ல வெயில். முகத்தில் ஈ உட்கார்ந்தபோதும் அவர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி ஓட்டினார்.

மில் பக்கம் கார் ஹாரன் கேட்டது. சனங்கள் சத்தமும் கேட்டது. கையைக் கைலியில் துடைத்தேன். சால்வையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நன்றி கூடச் சொல்லவில்லை. ஓடினேன்.

வாசலில் வெள்ளைக் கார் நின்றிருந்தது. கதவு திறந்தது. ஆள் நல்ல உயரம். வெள்ளைச் சட்டை. பையில் பேனா. இதற்கு மேல் ஆபீசருக்கு என்ன வேண்டும்? கோவிந்தராசு அண்ணன் "பன்னீரு, பன்னீரு" என்று கத்துவது கேட்டது. சீக்கிரம் போர்த்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் வேகமாக ஓடிப் போய்ப் போர்த்தினேன். குனிந்து கும்பிடும் போட்டேன். கும்பிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை.

அந்த மனிதர் முதலில் திகைத்தார். பிறகு பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. ஊர்ல எதிர்ப்புன்னு சொன்னாங்க. இவ்வளவு பாசமா இருக்கீங்களே."

செல்வி பின்னால் வந்து என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, மில்ல வாங்குனவரே இவருதாங்க."

அங்கேயே விட்டிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். நான் சால்வையைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். அது சங்கத்துச் சால்வை. ஒரு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அவர் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். மரியாதையாகப் பிடுங்க வேண்டுமே என்று நானும் சிரித்துக்கொண்டே இழுத்தேன். பின்னால் ஆடு வந்து குஞ்சத்தைக் கடித்தது. இவ்வளவையும் அவருடைய டிரைவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாய்க்கால் கரையிலிருந்து அந்தப் பெண் வந்தார். பாலத்துப் பக்கமிருந்து தலையாரி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "மேடம், ஜீப்ப நெழல்ல விட்டுட்டு வர்றதுக்குள்ள எறங்கி நடந்துட்டீங்களே."

என் கை சால்வை நுனியை விட்டது.

கோவிந்தராசு அண்ணன் கும்பிட்டார். கை தானாகப் பின்னால் நீண்டது, சால்வைக்காக. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. இருந்தது ஒரு சால்வை.

கோட்டாட்சியர் அம்மா ஆலைக்காரர் தோளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மடைய அடைச்சாச்சா?" என்றார்.

"அடைச்சாச்சுங்க."

அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு அதோடு சரி. தலைவர் பேச்சைக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஆபீசில் விசாரணை, இரண்டு தரப்பும் வாருங்கள் என்றார். போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. 'ஆலை அதிபருக்கு விவசாயிகள் உற்சாக வரவேற்பு.' படத்தில் நான் ஆசையோடு சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இழுத்த இழுப்பு அதில் தெரியவில்லை. பல்லைக் கடித்தது சிரிப்பாக விழுந்திருந்தது.

செல்வி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். "எனக்கு மால போட்டப்பகூட நீங்க இவ்வளவு சிரிக்கல."

டீக்கடையில் எனக்கு மட்டும் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைத்தது. ரவி பேசுவதை நிறுத்திக்கொண்டான். (அவன் போனில் சார்ஜ் இல்லாததை யாரும் கேட்கவில்லை.) நாற்று வளர்ந்துவிடும், நடவுக்கு ஆள் சொல்ல வேண்டுமே என்று பஞ்சவர்ணம் அக்காவிடம் போனேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"நடவா? மில்லுக்காரரு வருவாரு பன்னீரு. சால்வையோட எறங்கி நட்டுக் குடுப்பாரு."

அந்த வாரம் முழுக்க ஒரு இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. சோறு வைத்தால் எழுந்து மடைக்குப் போவேன். மடையில் நின்றால் மில் கேட்டைப் பார்ப்பேன். ஊருக்குச் சம்மதம் என்று அந்தப் படத்தைக் காட்டி ஆலைக்காரர் உத்தரவு வாங்கிவிட்டால் முடிந்தது. முதல் தண்ணீர் எனக்குத்தான். என் வயலை நானே கும்பிட்டுக் கொடுத்ததாக ஆகும். நாற்று மட்டும் அதுபாட்டுக்குப் பச்சையாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது.

விசாரணைக்குப் போகும்போது வேனில் கோவிந்தராசு அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார்.

"நீ வாயவே தெறக்காத. கேட்டா, ஒடம்பு சரியில்லன்னு சொல்லு."

"வாயத் தெறக்காம எப்புடிண்ணே சொல்றது?"

"எறங்குடா கீழ" என்றார். வேன் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

ஆலைக்காரர் படத்தைப் பெரிசாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் நிறுத்தினார். ஆட்டின் கண் கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"ஊரே வரவேற்குது மேடம். நீங்களே பாருங்க. எதிர்க்கிறது நாலு பேர்தான்."

கோட்டாட்சியர் அம்மா ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "இவர் வந்திருக்காரா?"

எழுந்து நின்றேன். கோவிந்தராசு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"இது நீங்கதானே?"

"நாந்தாங்க."

"இவருக்கு எதுக்கு சால்வ போட்டீங்க?"

உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது. "ஆபீசர்னு நெனச்சுட்டேங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆலைக்காரர் எழுந்தார். "இப்ப மாத்திப் பேசுறாரு மேடம். சங்கத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இல்ல" என்றார் கோட்டாட்சியர் அம்மா. "அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். இந்தச் சால்வைய நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆபீசருக்கு வாங்குனது, சேறு படாம பிடிங்கன்னார்."

சிரிப்பு நின்றது.

"ஆபீசருங்களுக்குப் பத்து மணின்னா பன்னண்டு மணின்னும் சொன்னார்."

சிரிப்பு மறுபடி கிளம்பியது. நான் தரையைப் பார்த்தேன். கோவிந்தராசு அண்ணன் அவ்வளவு நேரமும் அதையே ஏன் பார்த்தார் என்று புரிந்தது. நல்ல மொசைக்.

கோட்டாட்சியர் அம்மா படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். ஊர் சம்மதத்துக்கு இதை எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதச் சொன்னார். பிறகு ஆலைக்காரரைக் கேட்டார். "கழுவுற தண்ணி எங்க போகும்? உங்க சாக்கட வாய்க்கால்ல விழுற எடத்துலேருந்துதான் நான் அன்னைக்கு நடந்து வந்தேன்."

அதற்குத் தொட்டி கட்டப் போவதாக அவர் சொன்னார். எப்போது என்று அம்மா கேட்டார். ஆலை ஓட ஆரம்பித்த பிறகு என்றார். ஊர் ஆட்சேபணை நியாயம் என்று எழுதிக் கோப்பு மேலே போனது. போனது இன்னும் திரும்பி வரவில்லை. மில் கேட்டில் பூட்டு தொங்குகிறது. இன்றைக்கும் மடைக்குப் போகுமுன் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பார்க்காவிட்டால் வேலை ஓடாது.

பஞ்சவர்ணம் அக்கா நடவுக்கு ஆட்களோடு வந்தார். வயலில் இறங்குமுன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் தோளில் போர்த்தினார். "ஆபீசர் வந்துட்டாருடி. எல்லாரும் கும்புட்டுக்குங்க." பெண்கள் வரிசையாகக் கும்பிட்டார்கள்.

அங்கே ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, ரவி வாங்கிய டிராக்டருக்குப் பூசை. எங்கே போனாலும் மைக்கில் கூப்பிடுகிறார்கள். "அடுத்து நம்ம ஆபீசருக்குப் பொன்னாடை." போர்த்துகிறவர் மறுநுனியைப் பிடித்து இழுப்பார். நான் இந்த நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போட்டோ எடுப்பார்கள். அந்தச் சால்வைகளைச் செல்வி மோட்டாருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று போட்டதுபோக பீரோவில் அடுக்கியிருக்கிறாள். எல்லாம் பாலியெஸ்டர். அதுவும் பிளாஸ்டிக்தான்பா என்கிறாள் என் மகள்.

போன வாரம் அந்த மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வடக்கே சீர்காழிப் பக்கம். எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாத மனிதர் என்று நிம்மதியாக இருந்தேன். தட்டு மாற்றி முடிந்ததும் அவர் பைக்குள் கை விட்டார். சிவப்புச் சால்வை. முகத்தில் சிரிப்பே இல்லை. என் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் புடிங்க சம்பந்தி. சேறு படாம."

வீட்டுக்கு வந்ததும் செல்வி மோட்டாரில் கிடந்தது, டிவியில் கிடந்தது எல்லாவற்றையும் கொண்டுவந்து, பீரோவைத் திறந்து, கட்டிலில் பரப்பி, சம்பந்தி கொடுத்ததையும் சேர்த்து எண்ணினாள்.

இருபத்து மூன்று.