இறால் ஆகாத மாப்பிள்ளை

காசிமேட்டில் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இருக்கலாம், முன்கோபம் இருக்கலாம், ஒரு கண் மந்தமாகக்கூட இருக்கலாம்; பெண் கிடைத்துவிடும். இறால் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் இருக்கவே கூடாது.

எனக்கு இருந்தது.

அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், எஸ்.எஸ்.எல்.சி. தேறி, துறைமுகத்தில் குமாஸ்தாவாகவும் ஆகிவிட்ட எனக்கு ஓர் இறால் வாயில் பட்டால் போதும். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். மாடு மரத்தில் தேய்ப்பதுபோல் சுவரில் முதுகைத் தேய்ப்பேன். அம்மா அதைக் காணாக்கடி என்பாள். அதாவது, கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது. (நான் இறால் தின்ற நாள் பார்த்தே அந்தப் பூச்சி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.) கம்பளியால் தேய்ப்பாள், வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்பாள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவாள். அரிப்பு தானாக அடங்கியதும் மூன்றில் ஒன்றுக்குப் பெருமை போய்ச் சேரும்.

ஒருவழியாக, குற்றவாளி இறால்தான் என்று புரிந்து வீட்டில் அதை நிறுத்தினோம். வெளியே மட்டும் மூச்சு விடவில்லை. காரணம் உண்டு. ராயபுரத்தில் எனக்குக் கூடிவந்த முதல் சம்பந்தத்தில் அம்மா வாய்தவறி உளறிவிட்டாள். "இறாவே ஆவாதா? அப்போ உள்ள வேற இன்னா நோவு கீதோ" என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்து வந்தது திருவொற்றியூர் ஸ்டெல்லா. அவள் அப்பா ஆரோக்கியம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெண் பார்க்கப் போனபோது ஸ்டெல்லா என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஆபீஸ்ல இன்னா எழுதுவீங்க?" சரக்கு இறங்குவதிலிருந்து கிடங்கில் அடுக்குவது வரை நான் பிரசங்கமே செய்தேன். அவள் கொட்டாவி விடாமல் கேட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனால், பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். அந்தச் சாப்பாடுதான் சம்மதம். இலையில் வைத்ததை ஒதுக்கினால் பெண்ணையே ஒதுக்கிய மாதிரி. கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டு விருந்தில் இறால் இல்லாமல் இருக்குமா?

"ஆவாதுன்னு மட்டும் சொல்லிடாத நைனா. இதுவும் பூட்ச்சுனா உனக்கு இந்த சென்மத்துல கல்யாணமில்ல" என்றாள் அம்மா.

"கவலைப்படாதம்மா, என்கிட்ட ஒரு திட்டம் இருக்கு" என்றேன். (படித்தவன் அல்லவா!) திட்டம் எளிமையானது. என் தாய்மாமன் லூர்து பக்கத்து இலையில் உட்காருவார். என் இலைக்கு வரும் இறால் அவர் இலைக்கு இடம்பெயரும்.

"நீ தள்ளு ராசா, நான் உள்ள தள்ளிக்கினே இருக்கேன்" என்று மாமா வாக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். ஸ்டெல்லாதான் பரிமாறினாள். இறால் தொக்கு வந்தது. ஆரோக்கியம் தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தார், இலை காலி.

"அட, மாப்ள இன்னா ஸோக்கா சாப்புடறாரு! இன்னும் வையிம்மா."

வைத்தாள். தள்ளினேன். மறுபடி வைத்தாள். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "டேய், நானும் மனுசன்தான்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு போரையே ஜெயித்துவிட்ட தளபதியின் நிம்மதியோடு முருங்கைக்கீரைப் பொரியலை எடுத்துச் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது. பிறகு என் உதடுகள் என்னைக் கேட்காமலே முன்னால் போக ஆரம்பித்தன. எதிரில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். மரியாதைக்காகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு குழந்தை அலறியது.

"அய்யய்யோ, காணாக்கடி! கம்பளி எடுங்கடி!" என்றாள் ஸ்டெல்லாவின் அம்மா.

"ஆமா ஆமா, காணாக்கடியேதான்!" என்று என் அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வருங்காலச் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து என்னைக் கம்பளியால் தேய்த்தார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை வந்தது அன்றைக்குத்தான்.

அதுவரை நடந்தது வெறும் மானக்கேடு. தொண்டை இறுகி, மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியதும் நிஜமாகவே பயந்துபோனேன். பேச வாயெடுத்தால் நாக்கு புரளவில்லை.

ஸ்டெல்லா கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள். "கம்முனு வுடும்மா! மூச்சு இழுக்குது பாரு! ஆஸ்பத்திரிக்கு வண்டி புடிங்க!"

லூர்து மாமா வாசலுக்கு ஓடி, அவசரத்தில் அந்த வழியாக வந்த மீன்வண்டியை நிறுத்தினார். அதில் கூடை கூடையாக இறால்.

"அதுலயா? போற வழியிலயே கதைய முடிச்சிடலாம்னு பாக்கறியா மாமு?" என்று ஸ்டெல்லா கத்தினாள். "நான் பாத்துகினுதான் இருந்தேன். இறாவெல்லாம் ஒன் எலைக்குத்தான் வந்துச்சு. கீரையில எங்கம்மா சென்னாகூனி வறுத்து இடிச்சிப் போட்டுகீது!"

சென்னாகூனி என்பது நொய்யரிசி அளவுக்கு இருக்கிற காய்ந்த பொடி இறால். எங்கள் பக்கத்துப் பெண்கள் கீரைக்கும் கத்திரிக்காய்க்கும் ருசிக்காகப் போடுவது. முழு இறாலுக்குக் காவல் போட்ட மேதை, பொடி இறாலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லாவே பக்கத்தில் உட்கார்ந்தாள். நிச்சயம்கூட ஆகவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த என் அம்மா, பக்கத்தில் நின்ற ஆரோக்கியத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வந்ததேயில்லீங்க. இரும்பு மாதிரி ஒடம்பு."

அந்த இரும்பு கட்டிலில் கிடந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"அவருக்கு இறா ஆவாதுங்க டாக்டர். இன்னிக்குத் தெரியாம துன்னுட்டாரு" என்றாள் ஸ்டெல்லா. உடனே ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் காற்று உள்ளே போனது. அதுபோல் ருசியான பண்டத்தை நான் அதற்குப் பிறகும் சாப்பிட்டதில்லை.

இதற்கு அலர்ஜி என்று பெயர், உடம்பு ஓர் உணவை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது என்றார் டாக்டரம்மா. அடியோடு போக்க மருந்து இல்லை, விலக்கிவைப்பதுதான் வைத்தியம். வெறும் அரிப்புக்கு மாத்திரை தந்தார். "உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மாத்திரையை நம்பி உட்காராதே. ஓடி வந்துடு, ஊசிதான்."

"கொஞ்சம் கொஞ்சமா துன்னு பழக்கிட்டா?" என்று கேட்டார் மாமா.

"வீட்டுல அந்த விளையாட்டே கூடாது" என்று டாக்டரம்மா அவரை முறைத்தார். மாமா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஆரோக்கியம் வெடித்தார். "நோவ மறைச்சா பொண்ணு கேட்டு வந்தீங்க? இந்தப் பேச்சே வேணாம். ஸ்டெல்லா, வா போலாம்."

அம்மா அழுதாள். சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. நாக்குத்தான் இன்னும் மரக்கட்டையாகக் கிடந்தது.

ஸ்டெல்லா நகரவில்லை. "கை நனைச்சிட்டாரே நைனா. உசுரு போனாலும் பரவால்லன்னு உக்காந்து நனைச்சிருக்காரு. வேற எவன் நனைப்பான்?"

கதவுவரை போன ஆரோக்கியம் திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கீரை விஷயத்தில் எனக்கு இருந்தது துணிச்சல் அல்ல, முட்டாள்தனம் என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாக்கு வீங்கியிருந்தது பெரிய சௌகரியமாகப் போயிற்று.

கல்யாணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: இனி மறைக்கக் கூடாது. எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாசலிலேயே அவள் குரல் கேட்கும்: "இவருக்கு இறா ஆவாது. பொடி போட்டிருந்தாலும் ஆவாது. இறா பொரிச்ச எண்ணெயில மீனும் பொரிக்காத." முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். அவள் இறால் சாப்பிட ஆசைப்பட்டால் தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள். பெரிய மகளுக்கு முட்டை ஆகவில்லை என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் கம்பளியை யாரும் தேடவில்லை. டாக்டரிடம் போனோம், பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் சொல்லிவைத்தோம்.

எல்லாம் சரி. லூர்து மாமாவின் வாயைத்தான் அடைக்க முடியவில்லை. எங்கள் கல்யாணத்திலிருந்து போன மாதத்து ஞானஸ்நான விருந்து வரைக்கும், பந்தி நடுவில் எழுந்து நின்று, "கல்யாணத்துக்கு முன்னாடியே ஒதடு வீங்கி, பொண்ணு கூடவே ரிக்‌ஷால போன மாப்ள, காசிமேட்டுலயே எங்க ஆளு ஒருத்தன்தான்!" என்பார்.

"அது கீரை மாமா, கீரை!" என்று ஸ்டெல்லா அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள்.

இத்தனை வருஷமாக ஒருவரும் நம்பியதில்லை.