தூங்குமூஞ்சி மரத்துக்கு வெத்தலை வச்சது

ரவூப்பில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் நாகையா அவர்களுக்கு, கிள்ளானிலிருந்து தங்கச்சி வீட்டுக்காரன் தம்புசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் மகள் புனிதாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாம்தான். ஆனா உங்க மருமகப்புள்ள எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டுடுறார், இது ஸ்பீக்கர்ல போடுற விசயம் இல்ல.

மச்சான், ஒரு மரத்த வெட்டணும், வெட்ட முடியல. எனக்கு ஒண்ணும் புரியல.

புனிதா வீட்டுப் பின்சந்துல ஒரு தூங்குமூஞ்சி மரம், அவ அடுப்படிப் பக்கமா சாஞ்சு நிக்குது. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் கட்டி விக்கிறவ, நாள்ல பாதி நேரம் அந்த அடுப்படியிலதான் நிப்பா. போன மாசம் கத்தியத் திருப்பிப் பிடிச்சு மரத்தத் தட்டிப் பாத்தேன். நல்ல மரம்னா டொக்குனு சொல்லும், உங்களுக்குத் தெரியாததா. இது பொத்துனு சொல்லுச்சு. சுத்திச் சுத்தித் தட்டினேன், எல்லாப் பக்கமும் பொத்துதான். உள்ள பொந்து. அடுத்த மழைக்கு விழுந்தா அடுப்படியும் போச்சு, அவளும் போச்சு. முப்பத்தெட்டு வருசம் பகாங் காட்டுல மரத்தத் தட்டிக் குறி போட்டு நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், கெட்ட மரத்த எடுத்தா நல்ல கன்னுக்கு வெளிச்சம் கெடைக்கும். ரேஞ்சர் இதையே பத்துப் பக்கம் எழுதி வச்சிருந்தார். அவர்தான் அட்டை கடிச்சதுக்குத் தேய்க்கிறேன்னு என் புகையிலைய வாங்கிட்டு, திருப்பியே தராத மனுசன். அது கெடக்கட்டும்.

கவுன்சில்ல சொன்னேன், மறுநாளே வெட்ட வர்றோம்னாங்க. நான் சும்மா இருந்திருக்கணும். நம்ம காட்டு கேங்கு வழக்கம் விடல. சாயங்காலமா மரத்தடியில வெத்தலை, எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் கொளுத்தி, "இருக்கிறவங்க வேற எடம் பாத்துக்கங்க, நாளைக்கு வெட்டுறோம்"னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

காலையில போனா மரம் மஞ்சப் புடவை கட்டியிருக்கு. பக்கத்து வீட்டுக் குமுதா கைய கூப்பிக்கிட்டு நிக்குது.

"அங்கிள், அம்மா இங்க இருக்கிறத ஒரு வார்த்தை சொல்லலியே லா."

"ஏம்மா, இருந்தா போகச் சொல்லித்தான் வச்சேன்"ன்னேன்.

"பாத்தீங்களா, அங்கிளுக்குத் தன்னடக்கம்"னு அது பின்னாடி நின்னவங்ககிட்ட சொல்லுது.

வேம்பா மச்சான், அரசா? தூங்குமூஞ்சி மரம். கவுன்சில் லோரி வந்துச்சு, புடவையப் பாத்துச்சு, ரிவர்ஸ்லயே போயிடுச்சு. மூணாம் நாள் எவனுக்கோ நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சாம், அவன் தகரக் கூரை போட்டுட்டான், அதுவும் அந்த மரத்துலயே ஆணி அடிச்சு. இப்ப என்னையப் பூசாரியா நிக்கச் சொல்றாங்க.

"காட்டுல எத்தன மரத்தச் சாய்க்க வச்சீங்க, பெத்த மகளுக்காக ஒண்ணச் சாய்க்கத் தெரியல"ன்னு உங்க தங்கச்சி பேசுறா. புனிதா, "அப்பா, மரம் விழுமா, இல்ல சாமி இருக்கா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் அடுப்பத் தூக்கி ஹால்ல வைக்கணும்"ங்கிறா. என்னான்னு சொல்ல? விழும்னா சாமி கோவிச்சுக்குமோ. சாமி இருக்குன்னா பொந்துக்குள்ளதான இருக்கணும், அப்ப பொந்து இருக்குன்னுதான அர்த்தம். நேத்து நானே கும்பிட்டுட்டேன் மச்சான், கை தானாப் போயிடுச்சு.

நீங்க ஒரு நடை வாங்க. வச்ச வெத்தலைய எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு நீங்க சொன்னாத்தான் ஜனங்க கேக்கும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். எல்லாரும் நோயில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மரியாதையுள்ள
தம்புசாமி

பி.கு.: கவர ஒட்டுறதுக்குள்ள இன்னொண்ணு. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறேன்னு புனிதா இன்னைக்கு என்னைய கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனா. டாக்டர் ரெண்டு காதுலயும் கடலைக்கொட்ட அளவு குறும்பி எடுத்தாரு. "ரொம்ப வருசமா அடைச்சிருக்கு அங்கிள்"னாரு. வந்து மரத்தத் தட்டினேன். டொக்குன்னுச்சு. எல்லாப் பக்கமும் டொக்கு. அடுப்பு அங்கேயே இருக்கட்டும்னு புனிதாகிட்ட சொல்லிட்டேன். நீங்க வர வேணாம். ஒண்ணு மட்டும் கேக்கணும். காட்டுல நான் தட்டிக் குறி போட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போயிடுவேன், பின்னாடி வந்து அறுத்தது நீங்க, உள்ள பாத்ததும் நீங்க ஒருத்தர்தான். அதெல்லாம் பொந்தா இருந்துச்சா மச்சான்? இருந்துச்சுன்னே எழுதிடுங்க.